எட்ட வட்டம், கிட்ட மழை: மேகத்துல இருக்கற ஐஸ் துகளுக்கு இதுதான் வடிவம்னு எப்படி சொல்றாங்க?

திருத்துறைப்பூண்டி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ஆடி மாசத்துல ஒரு ராத்திரி மாடியில படுத்திருக்கும்போது நிலாவை சுத்தி பெருசா ஒரு வட்டம் பாத்தாராம், அது ரொம்ப உசரத்துல இருக்கற ஐஸ் படிகத்தால வர்றதுன்னு தேடி தெரிஞ்சுக்கிட்டாராம், அப்படியே தேடிக்கிட்டே போனதுல சாட்டிலைட் கணக்கு போடறவங்க இந்த ஐஸ் துகளுக்கெல்லாம் ஒரே ஒரு வடிவத்தை முன்கூட்டியே வச்சுக்கறாங்கன்னு படிச்சிருக்கார். "மேகத்துக்குள்ள போய் யாரும் எண்ணிப் பாக்கல, அப்புறம் எப்படி இதுதான் வடிவம்னு முடிவு பண்றாங்க, அது தப்பா இருந்தா எங்க ஊரு மழைக்கணக்கும் தப்பா தானே போகும்?" இதுதான் அவரோட கேள்வி.

வடிவத்தை பத்தி கேக்கற மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள்ள நீங்க கேக்கறது வேற. கண்ணால பாக்காத ஒண்ணை இப்படித்தான் இருக்கும்னு வச்சுக்கிட்டு எடுக்கற நம்பரை எதுவரைக்கும் நம்பலாம், அதானே? நான் கும்பகோணத்துக்காரன், சாட்டிலைட்டுக்கு போய் சேர்ற ஒளியை வச்சு மேகத்தோட தன்மையை திருப்பி கணக்கு போட்டு எடுக்கற வேலையில பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கேன். கண்ணுக்கு தெரியற ஒளியும் அகச்சிவப்பும்தான் என் வேலை. மைக்ரோவேவ் பக்கம் மத்தவங்க போட்டு வச்ச டேபிளை எடுத்து பயன்படுத்தறவன் மட்டும்தான், அந்த இடம் வரும்போது என் பேச்சை அந்த அளவுக்கு எடுத்துக்கங்க.

மொதல்ல அந்த வட்டம். எங்க அப்பாயி "எட்ட வட்டம் போட்டா கிட்ட மழை, கிட்ட வட்டம் போட்டா எட்ட மழை"ன்னு சொல்லும், "அகல் வட்டம் பகல் மழை"ன்னும் ஒரு பழமொழி உண்டு. இதுல மழை வருமா வராதாங்கறதை கொஞ்சம் தள்ளி வைங்க, ரெண்டு வட்டமும் வேற வேறன்னு நம்ம ஆளுங்க பிரிச்சு வச்சிருக்காங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு சரி. நிலாவை ஒட்டினாப்புல சின்னதா கலர் கலரா நிக்கற வட்டம் தண்ணி திவலையால வர்றது, ஒளி திவலையோட ஓரத்துல வளைஞ்சு பரவறதால உண்டாகுது. தள்ளி நிக்கற பெரிய வட்டம் ஐஸால வர்றது. கைய நல்லா நீட்டி, நிலா மேல கட்டை விரலை வச்சு ஒரு சாண் விரிச்சா சுண்டு விரல் நுனி சுமாரா அந்த வட்டத்து மேல போய் நிக்கும், அதுதான் 22 டிகிரி. ஏன் சொல்லி வச்ச மாதிரி எப்பவும் 22? ஐஸ் படிகம் ஆறு பட்டை உள்ளது, ஒரு பட்டையில நுழைஞ்ச ஒளி ஒரு பட்டையை விட்டு அடுத்ததுல வெளிய வந்தா 60 டிகிரி பட்டகத்துல போன மாதிரி ஆகுது, ஐஸோட ஒளிவிலகல் எண் 1.31, இந்த ரெண்டையும் போட்டா குறைஞ்சபட்ச விலகல் 22 டிகிரிக்கு ஒரு முடி குறைவா வருது. அந்த கோணத்துல ஒளி குவியறதால வட்டமா தெரியுது. ஆக வட்டத்தை பாத்த அன்னிக்கே மேகத்துக்குள்ள இருக்கற படிகத்தோட முகங்களுக்கு நடுவுல என்ன கோணம்னு நீங்க தரையில படுத்துக்கிட்டே அளந்துட்டீங்க. உள்ள போய் பாக்காமயே வடிவத்தை சொல்ல முடியுமான்னு கேட்டீங்களே, இது அதுக்கு முதல் சாட்சி.

இதை வீட்டுலயே பாக்கலாம். நாட்டு மருந்து கடையில படிகாரம் வாங்கி, சுடுதண்ணியில இனிமே கரையாதுங்கற அளவுக்கு கரைச்சு, சுத்தமா தொடைச்ச ஒரு கண்ணாடி துண்டுல மெல்லிசா பூசி காயவிட்டா பொடிப்பொடியா படிகம் உக்காரும். இருட்டு ரூம்ல தூரத்துல ஒரு சின்ன டார்ச்சை வச்சுட்டு அந்த கண்ணாடியை கண்ணுகிட்ட பிடிச்சு பாத்தா விளக்கை சுத்தி வட்டம் நிக்கும், படிகாரத்தோட முக கோணமும் ஒளிவிலகலும் வேறங்கறதால வட்டத்தோட அளவும் வேறயா இருக்கும், ஒண்ணுக்கு மேலயும் தெரியும். காலேஜ் பசங்களுக்கு இதை காட்டும்போது ஒரு வேலை கூடுதலா பண்ணுவேன், ஈரத்துணியால அந்த கண்ணாடியை லேசா ஒத்தி எடுத்துட்டு திரும்ப பாக்க சொல்லுவேன். படிகம் அங்கயேதான் இருக்கும், ஆனா முகமெல்லாம் மழுங்கி சொரசொரன்னு ஆயிருக்கும், வட்டம் போயி வெறும் வெள்ளை மூட்டமா தெரியும். டைமண்ட் கல்கண்டு வாங்கினப்ப பளபளன்னு இருக்கறது ஐப்பசி ஈரத்துல டப்பாவை திறந்து வச்சா வெளுத்து போகுமில்ல, அதே கதைதான்.

இந்த மழுங்கல் விஷயத்தை பிடிச்சுக்கங்க, மொத்த பதிலும் இதுலதான் போய் நிக்குது. உசரத்துல ஐஸ் மேகம் நம்ம ஊர் மேல எத்தனையோ நாள் இருக்கு, ஆனா தெளிவான வட்டம் எத்தனை நாள் பாத்திருப்பீங்க? ரொம்ப கம்மி. மேகத்துல இருக்கற படிகமெல்லாம் பாடப்புத்தக படம் மாதிரி வழவழன்னு இருந்தா மெல்லிசா ஐஸ் மேகம் ஓடற ராத்திரியெல்லாம் வட்டம் தெரியணும். தெரியலைங்கறதே பெரும்பாலான படிகம் சொரசொரப்பா, ஒழுங்கில்லாம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டோ, உள்ள காத்து குமிழ் வச்சுக்கிட்டோ இருக்குன்னு காட்டுது. ஐஸ் பரப்பை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பாத்தவங்களும் வரிவரியா சொரசொரப்பு இருக்கறதைத்தான் பாத்திருக்காங்க.

அப்ப உண்மையான வடிவம் என்னன்னு கேட்டா, ஒண்ணு இல்ல, நூறு. ஜப்பான்ல ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல உகிச்சிரோ நகாயா 1936ல ஒரு முயல் முடி நுனியில லேபுக்குள்ளயே பனிப்படிகம் வளத்து காட்டினார், வெப்பநிலையும் ஈரமும் மாற மாற வடிவம் எப்படி மாறுதுன்னு வரிசைப்படுத்தினது அவர்தான். மைனஸ் 2 டிகிரி பக்கம் தகடு, மைனஸ் 5 பக்கம் ஊசியும் கம்பமும், மைனஸ் 15 பக்கம் கிளைகிளையா நட்சத்திரம், இன்னும் குளிர்ச்சியில மறுபடி கம்பம், தகடு, நடுவுலேர்ந்து நாலா பக்கமும் கம்பம் முளைச்ச பூங்கொத்து மாதிரி உருவம். நம்ம தலைக்கு மேல பாத்தா சுமார் 5 கிலோமீட்டர்ல 0 டிகிரி வந்துடும், அதுக்கு மேலயும் தண்ணி உறையாம திரவமாவே கொஞ்ச தூரம் போகும், மைனஸ் 38 பக்கம் வந்தா தூசி துணை இல்லாமயே உறைஞ்சுடும். மேகத்தோட உச்சி 16 கிலோமீட்டர் வரைக்கும் போகும். களத்துல நெல்லு தூத்தும்போது நெல்லு கிட்டயே விழுந்து கருக்கா தள்ளிப் போய் விழுற மாதிரி, மேகத்துலயும் பெரிய படிகம் கீழ எறங்கிடும், பொடிசு உச்சியிலயே மிதக்கும், எறங்கற வழியில ஒண்ணோட ஒண்ணு சிக்கி கொத்தாகும். அதனால ஒரே மேகத்துலயே உச்சியில ஒரு வடிவம், நடுவுல ஒரு வடிவம், அடியில ஒரு வடிவம். இதுல சந்தேகமே கிடையாது.

இவ்வளவு தெரிஞ்சும் ஒரே வடிவம்னு ஏன் வைக்கிறாங்கன்னுதானே கேக்கறீங்க. சாட்டிலைட்டுக்கு படிகம் தெரியாது தம்பி, அது பாக்கறது ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள இருக்கற கோடிக்கணக்கான படிகம் சேந்து திருப்பி அனுப்பற ஒளியோட கூட்டுத்தொகையை மட்டும்தான். அந்த கூட்டுத்தொகையில படிகத்தோட அழகெல்லாம் கரைஞ்சு போயி ரெண்டு மூணு தன்மைதான் மிஞ்சும். அதுல முக்கியமானது, மேல பட்ட ஒளியை படிகம் எந்த அளவுக்கு முன்பக்கமாவே தள்ளுதுங்கறது. முழுக்க முன்னால போனா 1, முன்னயும் பின்னயும் சமமா போனா 0. தண்ணி திவலை உருண்டைங்கறதால அதுக்கு 1908லயே குஸ்டாவ் மீ போட்ட சமன்பாடு இருக்கு, கண்ணுக்கு தெரியற ஒளிக்கு 0.85 பக்கம் வரும். சொரசொரப்பான ஐஸுக்கு 0.75 பக்கம். பாக்க சின்ன வித்தியாசமா இருக்கு, கணக்குல போட்டா பயமா இருக்கும். மேகத்தோட ஒளித்தடிமன், அதாவது ஒளி ஊடுருவி போறதை மேகம் எவ்வளவு தடுக்குதுங்கற எண், உண்மையில 3ன்னு வைங்க, மேகம் மேல திருப்பி அனுப்பற வெளிச்சம் சுமாரா ஒண்ணுலேர்ந்து இந்த எண்ணை கழிச்சு தடிமனால பெருக்கினா வர்றதை பொறுத்தது. ஐஸுக்கு 0.25ஐ 3ஆல பெருக்கினா 0.75. அதே வெளிச்சத்தை உருண்டைன்னு நினைச்சுக்கிட்டு படிச்சா 0.75ஐ 0.15ஆல வகுக்கணும், தடிமன் 5ன்னு வரும். மேகம் ஒண்ணுதான், வெளிச்சம் ஒண்ணுதான், நாம மனசுல வச்சிருந்த வடிவம் மட்டும் மாறினதுக்கு 3 வந்து 5 ஆயிடுச்சு. அதனால ஐஸை உருண்டைன்னு வைக்கறது தப்புங்கறது முடிஞ்சு போன விவகாரம், அதுல யாருக்கும் மாத்து கருத்து இல்ல.

சரி, உருண்டை இல்லைன்னா கணக்கு போடறது எப்படி. 100 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) படிகத்தோட சுத்தளவை 0.65 மைக்ரான் சிவப்பு ஒளியால வகுத்தா 480க்கு மேல வரும், அவ்வளவு பெருசா இருந்தா ஒளியை கதிர் கதிரா விட்டு எங்க வளையுது எங்க முட்டி திரும்புதுன்னு பின்தொடரலாம், ஸ்கூல்ல பட்டகத்துக்கு போட்ட படம்தான், லட்சக்கணக்கான தடவை போடணும். படிகம் அலைநீளத்துக்கு கிட்டத்தட்ட சமமா வந்துட்டா இந்த வழி ஒதவாது, அப்ப படிகத்தை பொடிப்பொடி புள்ளியா பிரிச்சு ஒவ்வொரு புள்ளியும் மத்த எல்லா புள்ளியோடயும் எப்படி மின்புலத்தை பரிமாறிக்குதுன்னு தீக்கணும். 1973ல பர்செல், பென்னிபேக்கர்னு ரெண்டு பேர் விண்வெளி தூசிக்காக போட்ட வழி அது, அப்புறம் நம்ம ஐஸுக்கும் வந்துச்சு. இதை அந்த 100 மைக்ரான் படிகத்துக்கு போடணும்னா குறைஞ்சது நூறு கோடி புள்ளி வேணும், அதுவும் ஒரே ஒரு திசைக்கு, ஒரே ஒரு நிறத்துக்கு. அதனாலதான் ரெண்டு வழியையும் நடுவுல ஒட்டவச்சு பெரிய பெரிய டேபிளா முன்னாடியே போட்டு வச்சுடறாங்க. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல பிங் யாங் குழு 2013ல வெளியிட்டது 11 வடிவம், 3 அளவு சொரசொரப்பு, 2 மைக்ரான்லேர்ந்து 10,000 மைக்ரான் வரைக்கும் 189 அளவு, 0.2லேர்ந்து 100 மைக்ரான் அலைநீளம் வரைக்கும் போகுது. வடிவம் இன்னதுன்னு கொடுத்துட்டா ஒளி எப்படி சிதறும்ங்கற இந்த கணக்கை தாராளமா நம்பலாம், ஐஸோட ஒளிவிலகல் எண்ணும் நல்லா அளந்து வச்ச விஷயம். தகராறு எந்த வடிவத்தை கொடுக்கறதுங்கறதுல மட்டும்தான்.

அந்த தகராறு எப்படி தீந்துச்சுங்கறதை கொஞ்சம் விரிவா சொல்றேன், நீங்க கேட்ட நம்பிக்கை எங்கேர்ந்து வருதுங்கறது இதுல இருக்கு. நாசாவோட டெர்ரா சாட்டிலைட் 1999 டிசம்பர்ல போச்சு, அக்வா சாட்டிலைட் 2002 மே மாசம் போச்சு, ரெண்டுலயும் மோடிஸ்னு ஒரு கருவி. கண்ணுக்கு தெரியற ஒளி ஐஸ்ல உறிஞ்சப்படறதே இல்ல, அது மேகத்தோட தடிமனை சொல்லும், 2.1 மைக்ரான் ஒளியை பெரிய படிகம் அதிகமா உறிஞ்சும், அது படிகத்தோட அளவை சொல்லும், ரெண்டையும் சேத்து வச்சு நகாஜிமாவும் கிங்கும் 1990ல போட்ட வழியில தடிமனும் அளவும் எடுப்பாங்க. 2006 ஏப்ரல்ல கலிப்ஸோங்கற சாட்டிலைட் போச்சு, அது லேசரை கீழ அடிச்சு திரும்பி வர்றதை அளக்கறது. மெல்லிசான ஐஸ் மேகத்துக்கு மோடிஸோட அஞ்சாவது பதிப்பு சொன்ன தடிமனையும் கலிப்ஸோவோட மூணாவது பதிப்பு சொன்ன தடிமனையும் பக்கத்துல வச்சா சுமாரா ரெண்டு மடங்கு வித்தியாசம். ரெண்டு பேரும் ஒரே மேகத்தைத்தான் பாக்கறாங்க. யார் சொல்றது பொய்?

இங்க மூணாவது சாட்சியை கூப்பிட்டாங்க, அகச்சிவப்பு. 11 மைக்ரான் பக்கம் ஐஸ் ஒளியை சிதறடிக்கறதை விட உறிஞ்சறதுதான் தூக்கல், உறிஞ்சறதுக்கு படிகம் தகடா கம்பமாங்கறது பெரிய விஷயமே இல்ல, அதனால மெல்லிசு மேகத்துக்கு அந்த வழியில வர்ற தடிமன் வடிவ அனுமானத்தை அவ்வளவா சாஞ்சு நிக்காது. அதை வச்சு பாத்தா மோடிஸ் அதிகமா சொல்லியிருக்கு, கலிப்ஸோ கம்மியா சொல்லியிருக்கு, ரெண்டு பக்கமும் தப்பு. 2016ல இது கட்டுரையா வந்துச்சு. மோடிஸ் பக்கம் பாத்தா அது வச்சிருந்த வடிவக் கலவை ஒளியை ரொம்ப முன்னால தள்ளற கலவை. கலிப்ஸோ பக்கம் பாத்தா திரும்பி வர்ற லேசருக்கும் மொத்த தடுப்புக்கும் நடுவுல அது வச்சிருந்த விகிதம் 25, அது 32 பக்கம் இருந்திருக்கணும். மோடிஸ் ஆறாவது பதிப்புல எட்டு கம்பம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின கொத்து, அதுவும் நல்லா சொரசொரப்பான கொத்துன்னு மாத்தினாங்க, முன்தள்ளல் 0.75 பக்கம் வந்து நின்னுச்சு, மூணு சாட்சியும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு பேச ஆரம்பிச்சாங்க. பிரான்ஸ் அனுப்பின பாரசோல் சாட்டிலைட்ல இருந்த கருவி ஒரே மேகத்தை பல கோணத்துலேர்ந்து, ஒளியோட முனைவாக்கத்தையும் (ஒளி அலை எந்த திசையில ஆடுதுங்கறதை) சேத்து அளந்துச்சு, அதுலயும் வழவழப்பான படிகத்துக்கு வரவேண்டிய மேடுபள்ளம் எதுவும் இல்லாம கோடு சீரா எறங்கறதுதான் தெரிஞ்சுது.

இப்ப உங்க கேள்விக்கு நேரா வர்றேன். மேகத்துல இருக்கறது எல்லாம் எட்டு கம்ப கொத்துன்னு இந்த வேலையில இருக்கற யாரும் நம்பல. ஒரு விமானத்துல போய் அள்ளிட்டு வந்தா அப்படிப்பட்ட கொத்து ஒண்ணு கூட கிடைக்காம போகலாம். அது ஒளிக்கணக்குல மொத்த கூட்டத்துக்கும் பதிலா நிக்கற ஆள். ஒரு தெருவுக்கு நாட்டாமை வந்து பேசினா தெருவுல எல்லாருக்கும் அவர் முகம்னு அர்த்தம் இல்ல, அவர் சொல்ற கணக்கு தெருவுல வீடு வீடா கேட்ட கணக்கோட ஒத்துப்போனா அவரை ஏத்துக்கறோம், அவ்வளவுதான். அதனால வடிவம் நிஜமான்னு கேக்கறதை விட, ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத எத்தனை அளவீட்டோட அது ஒத்துப்போகுதுன்னு கேளுங்க, அங்கதான் பதில் இருக்கு.

விமானத்துல போய் நேரா பாத்தா என்னன்னு கேப்பீங்க, போயிருக்காங்க, அதுலயும் சிக்கல் இருக்கு. கருவியோட முனையில பெரிய படிகம் மோதி உடைஞ்சு சில்லு சில்லா உள்ள போகும், அதை எல்லாம் மேகத்துல இருந்த பொடி படிகம்னு எண்ணிட்டாங்க, பல வருஷத்து டேட்டாவுல பொடிசோட எண்ணிக்கை கூடுதலா போனதுக்கு இது ஒரு காரணம். அப்புறம்தான் முனையோட வடிவத்தையே மாத்தி, ஒரே நேரத்துல கூட்டமா வர்ற சில்லை கணக்குலேர்ந்து கழிக்கற வழி கண்டுபிடிச்சாங்க. படிகம் விழற விதமும் கணக்கை குழப்பும். மந்தாரை இலை தையலை மாடியிலேர்ந்து போட்டா படுக்கையாவே ஆடிக்கிட்டு எறங்குமில்ல, தகடு படிகமும் அப்படித்தான் படுத்துக்கிட்டு விழும், நேர் கீழ லேசர் அடிச்சா கண்ணாடி மாதிரி பளீர்னு திருப்பி அடிச்சுடும். கலிப்ஸோவை மொதல்ல 0.3 டிகிரி சாச்சுத்தான் வச்சிருந்தாங்க, இந்த தொந்தரவாலதான் 2007 நவம்பர்ல 3 டிகிரிக்கு சாச்சாங்க.

இன்னொரு இடத்துல நான் நேரா பட்டதை சொல்லணும், இந்த பக்கம் வர்ற பசங்க எல்லாரும் இதுல விழறாங்க. படிகத்தோட "அளவு"ங்கறது என்ன? உருண்டைன்னா ஆரம் சொல்லிடலாம், எட்டு கம்ப கொத்துக்கு எதை சொல்றது? மொத்த கன அளவை மொத்த நிழல் பரப்பால வகுத்து ஒரு எண் எடுப்பாங்க, சிலர் அதை விட்டம்னு கொடுப்பாங்க, சிலர் பாதியாக்கி ஆரம்னு கொடுப்பாங்க, சிலர் நுனிக்கு நுனி நீளத்தை கொடுப்பாங்க. ஒரு கூட்டு வேலையில வேற ஒரு இடத்துலேர்ந்து வந்த டேபிளை எங்க புரோகிராம்ல செருகினோம், தலைப்புல அளவுன்னு மட்டும் இருந்துச்சு. தடிமன் 3, ஆரம் 30 மைக்ரான் இருக்கற மேகத்துல சதுர மீட்டருக்கு சுமார் 55 கிராம் ஐஸ் வரணும், எங்களுக்கு 110 வந்துக்கிட்டே இருந்துச்சு. மூணு மாசம் மேகத்தையும் சூரியனோட கோணத்தையும் சந்தேகப்பட்டோம். கடைசியில ஒரு ராத்திரி டேபிளோட முதல் வரியை பேப்பர்ல எழுதி, கன அளவையும் பரப்பையும் கையால வகுத்து பாத்தப்பதான் அவங்க கொடுத்தது விட்டம், நாங்க படிச்சது ஆரம்னு தெரிஞ்சுது. அதுலேர்ந்து எந்த டேபிள் வந்தாலும் முதல் வரியை கையால போடாம உள்ள விடறதில்ல. நெல்லை மரக்கால்ல அளந்தாரா எடை போட்டாரான்னு கேக்காம விலை பேசற மாதிரிதான் இது.

இனி மழை. இதுலதான் நம்ம டெல்டாவுக்கு நிஜமான சங்கடம் இருக்கு. இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் ரெண்டும் 36,000 கிலோமீட்டர்லேர்ந்து பாக்கறப்ப மழைத்துளியை பாக்கறதில்ல, மேகத்தோட உச்சியைத்தான் பாக்குது, உசந்த மேகத்தோட உச்சி முழுக்க ஐஸ். உச்சி எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு மழைன்னு ஒரு பழைய வழி உண்டு, மைனஸ் 38க்கு கீழ போன கட்டத்துக்கெல்லாம் மணிக்கு 3 மில்லிமீட்டர்னு போடறது. இதோட மேம்பட்ட வழிகள் இருக்கு, ஆனா அடிப்படை குறை அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். ஆடி மாசம் நம்ம ஊர்ல வானத்தை நல்லா பாத்திருக்கீங்களா? கீழ இருக்கற மேகம் மேற்கேர்ந்து கிழக்க ஓடும், ரொம்ப உசரத்துல இழை இழையா இருக்கற மேகம் கிழக்கேர்ந்து மேற்க போகும். வங்கக்கடல்ல எங்கயோ அடிச்ச இடிமழையோட உச்சி ஐஸை மேல ஓடற கிழக்கு காத்து இழுத்துக்கிட்டு வந்து நம்ம தலைமேல விரிச்சுடுது. உச்சி குளிர்ச்சிதான், மழை ஒரு பொட்டு கிடையாது. நீங்க ஆடியில பாத்த வட்டமும் பெரும்பாலும் இந்த ஐஸாத்தான் இருக்கும், அதனால எங்க அப்பாயி சொன்ன கிட்ட மழையை ஆடியில எதிர்பாக்காதீங்க. ஐப்பசி கார்த்திகையில கடல்ல தாழ்வு நிலை கிட்ட வர்றப்ப அதோட உச்சி ஐஸ் முன்கூட்டியே விரிஞ்சு வந்து வட்டம் போட்டா, அப்ப அந்த வாக்கு பலிக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு. அதே வடகிழக்கு பருவத்துல இன்னொரு பக்கமும் பாருங்க, வேதாரண்யம் நாகப்பட்டினம் கரையில சில ராத்திரி ஐஸ் வரைக்கும் வளராத குட்டை மேகமே கொட்டித் தீத்துட்டு போகும், உச்சி சூடா இருக்கறதால சாட்டிலைட் வழிக்கு அது மழைன்னே தோணாது. இந்த ரெண்டு தப்புக்கும் படிக வடிவம் காரணமில்ல, உச்சியை வச்சு அடியை சொல்றதுதான் காரணம். வடிவத்தை எவ்வளவு சரியா வச்சாலும் இது தீராது.

வடிவம் நேரா மழைக்கணக்குல கை வைக்கற இடம் மைக்ரோவேவ். 183 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 1.6 மில்லிமீட்டர், மேகத்துக்குள்ள இருக்கற பனிக்கொத்தும் அந்த அளவுதான், கீழேர்ந்து வர்ற கதிரை அது சிதறடிச்சு மேல போற அளவை குறைச்சுடும், எவ்வளவு குறையுதோ அதை வச்சு மழையை சொல்வாங்க. 2011 அக்டோபர்ல இஸ்ரோவும் பிரான்சும் சேந்து ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து அனுப்பின மேகா-ட்ராபிக்ஸ்ல இருந்த சாஃபிர் கருவி இந்த அலைவரிசைதான், அது சுத்தற பாதை பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி மட்டும் சாஞ்சிருந்ததால நம்ம அட்சரேகையை ஒரே நாள்ல பல தடவை பாத்துச்சு, 2023 மார்ச்ல பத்திரமா கீழ எறக்கி முடிச்சாங்க. இந்த அலைநீளத்துல கண்ணுக்கு தெரியற ஒளிக்கு நல்லா வேலை செஞ்ச எட்டு கம்ப கொத்து நல்லா வேலை செய்யணும்னு எந்த கட்டாயமும் இல்ல. இங்க முக்கியம் நீளத்துக்கு எவ்வளவு எடைங்கறது. பனிக்கொத்து இலவம்பஞ்சு மாதிரி, நீளம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு பக்கம்தான் ஆகும். முன்னாடி இதை காத்தும் ஐஸும் கலந்த லேசான உருண்டைன்னு வச்சு போட்டாங்க, குறைஞ்ச அலைவரிசைக்கு பொருந்தினா உசந்த அலைவரிசைக்கு பொருந்தல. ஐரோப்பிய வானிலை மையத்துல 2014ல அதை விட்டுட்டு, புள்ளி புள்ளியா கணக்கு போட்ட பனிச்சில்லு வடிவத்துக்கு மாத்தினாங்க, குறைஞ்ச அலைவரிசை, உசந்த அலைவரிசை ரெண்டும் நல்லாவே ஒத்து வந்துச்சு. நான் சொன்ன மாதிரி இங்க நான் பயன்படுத்தறவன்தான், ஆனா ஒண்ணு தெளிவு: எல்லா அலைநீளத்துக்கும் ஒத்துப்போற ஒரே வடிவம்னு இன்னும் யாரும் கொண்டு வந்து வைக்கல. உலகம் முழுக்க மேகத்துல எத்தனை ஐஸ் இருக்குன்னு கேட்டா வேற வேற சாட்டிலைட் வேற வேற சொல்லுது, ரெண்டு மடங்குக்கு மேலயும் வித்தியாசம் போகுது. மேகத்தோட உச்சி எவ்வளவு குளிர்ச்சி, ஐஸா தண்ணியா, எங்க இருக்கு, இதையெல்லாம் நான் தைரியமா நம்புவேன். தடிமனை மெல்லிசு மேகத்துக்கு நம்புவேன், இப்ப உள்ள பதிப்புல. மொத்த ஐஸ் எடையை பாத்தா பக்கத்துலயே இன்னொரு கருவியோட நம்பரையும் வச்சுத்தான் பாப்பேன்.

நீங்க எம்எஸ்ஸி பிராஜக்ட்டுக்கு இதை எடுக்கலாமான்னு கடைசியில ஒரு வரி கேட்டிருக்கீங்க. எடுங்க, ஆனா வடிவத்தை கணக்கு போடறதுல ஆரம்பிக்காதீங்க, டேபிள் ரெடியா இருக்கு. இஸ்ரோவோட மோஸ்டாக் தளத்துல பேர் பதிஞ்சா இன்சாட் டேட்டா கிடைக்கும். 10.8 மைக்ரான்ல வர்ற வெப்பநிலையிலேர்ந்து 12 மைக்ரான்ல வர்றதை கழிச்சு பாருங்க, ஐஸ் 12ல கூடுதலா உறிஞ்சறதால மெல்லிசு ஐஸ் மேகம் இருக்கற இடத்துல அந்த வித்தியாசம் நல்லா தூக்கி காட்டும், இதுக்கு பகல் வெளிச்சம் வேணாம், ராத்திரியே போதும். இன்சாட்ல அந்த கட்டம் 4 கிலோமீட்டர், உங்க ஊரே ரெண்டு மூணு கட்டத்துல அடங்கிடும். நீங்க வட்டம் பாத்த தேதியும் சுமாரான நேரமும் ஞாபகம் இருந்தா கீழ போடுங்க, அன்னிக்கு ராத்திரி படத்தை நானும் எடுத்து, உங்க மாடிக்கு மேல என்ன வித்தியாசம் காட்டுச்சுன்னு பாத்து சொல்றேன்.